வெளிவந்த கட்டுரையில் அட்டவணைப் பிழை: திருத்தமா, திரும்பப் பெறுவதா?

அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் இடம் மாறிவிட்டன, கட்டுரையையே திரும்பப் பெறணுமா என்று கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம். முதலில் மூலத் தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். முடிவு மாறவில்லையென்றால் திருத்த அறிவிப்பே போதும். உடன் எழுதியவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அப்புறம் இதழாசிரியருக்கு எழுதுங்கள்: பக்க எண், அச்சான வரி, சரியான வரி, முடிவு ஏன் மாறவில்லை என்ற விளக்கம்.

முடிவே ஆட்டம் கண்டால், திரும்பப் பெறச் சொல்லி நீங்களே கேளுங்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு, சயன்ஸ் இதழில் 2019-இல் வந்த தம் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது அதே விளைவு வரவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் முக்கியப் பதிவுகளும் இல்லை. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.