எதிரே இருந்தும் புரியவில்லையே!

கேள்வி: எனக்கு 70 வயது, கணவருக்கு 73. தோ பாயோவில் இருக்கிறோம். நான் செங்காங்கில் மகள் வீட்டில் தங்கும் நாட்களில் போன் செய்து, "பேரப்பிள்ளைகள் பின்னாடி ஓடிக் களைச்சிருப்பியே" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த அன்று, எதிரே உட்கார்ந்திருந்தும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன். டிவி பார்க்கப் போய்விட்டார். போன வருடம் வேலையிலிருந்து நின்றதிலிருந்தே இப்படித்தான். என்மேல் அக்கறை போய்விட்டதா?

பதில்: அக்கறை போயிருந்தால் அந்த போன் வந்திருக்காது அம்மா.

ஜெர்மனியில் இருபதுகளில் உள்ள தம்பதிகளையும் 69 முதல் 80 வயதுத் தம்பதிகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வெளியானது. அன்றாட வாழ்க்கையின் நடுவே, கைபேசி வழியாக, 'இப்போது உங்கள் துணையின் மனநிலை என்ன?' என்று கேட்டார்கள். துணை கூட இல்லாத நேரத்தில் இரு வயதினரும் ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். நேரில் இருந்தபோது இளையவர்கள் முந்திக்கொண்டார்கள். முகம், குரல் இவற்றைப் படிப்பது வயதாக ஆகக் குறைகிறது. சேர்ந்து வாழ்ந்து தெரிந்துகொண்டது குறைவதில்லை.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளோடு உங்கள் நாள் எப்படிப் போகும் என்று அவருக்கு அத்துப்படி. அக்காவின் செய்தி புதிது. அதற்கு உங்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவே இப்போது அவருக்குக் கடினம். நீங்களோ "ஒண்ணுமில்லை" என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். சொல்லாமலே புரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது, எனக்கும் புரிகிறது. ஆனாலும் புதிய கவலையை இனி வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அக்காவை நினைச்சா பயமா இருக்குங்க, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க."

அவருடைய காதையும் சோதித்துவிடுங்கள். மெல்லிய குரலில் இருக்கும் சோகம் காது மங்கியவருக்கு எட்டாது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கென்றே 'புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' திட்டத்தில் கண், காது, வாய் மூன்றையும் பார்க்கிறார்கள். இருவருமே போகலாம்.

அப்புறம் இன்னொன்று. அவர் வேலையிலிருந்து நின்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அதன் பிறகு அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் எங்குமே இல்லை. அவரும் உங்களிடம் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை புளோக்குக்குக் கீழே கோப்பி குடிக்கப் போகும்போது நீங்களே முதலில் கேளுங்கள்; அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.