குரலில் வரும் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நெருங்கிய நண்பர் எதைச் சொல்வதாக இருந்தாலும் வாட்ஸப்பில் குரல் பதிவாகவே அனுப்புகிறார். நான்கு நிமிடம், ஏழு நிமிடம் என அவை நீள்கின்றன. வேலை நேரத்தில் கேட்க முடியாமல் ஒதுக்கிவைக்கிறேன், பிறகு மறந்தும்விடுகிறேன். சென்ற வாரம் "இதையெல்லாம் எழுதி அனுப்பக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் வருந்தியிருக்க வேண்டும். அதன்பின் எதையும் அனுப்பவில்லை. குரல் பதிவு என்பது பெறுபவரின் நேரத்தை மதிக்காத செயல் என்றே எனக்கு இன்னமும் தோன்றுகிறது. எழுதும் பழக்கத்தையும் இது அழித்துவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. எழுத்தைக் கண் மேய்ந்துவிடும். ஒரு பக்கக் கடிதத்தில் நமக்கு வேண்டிய தேதி எந்த வரியில் இருக்கிறது என்று நொடியில் கண்டுகொள்ளலாம். குரலை அப்படி மேய முடியாது. ஏழு நிமிடம் பேசியதைக் கேட்க ஏழு நிமிடம் கொடுத்தாக வேண்டும். வாட்ஸப்பில் 2013இல் வந்த இந்த வசதிக்கு, ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வழி 2021இல்தான் சேர்ந்தது. நான் அதை அலுவல் செய்திகளுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். வேகத்தைக் கூட்டும்போது பேச்சுக்கு நடுவிலுள்ள தயக்கங்கள் முதலில் தேய்ந்துபோகின்றன. நண்பர்களின் பேச்சில் எனக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தத் தயக்கங்கள்தான்.

ஆனால் அந்த நீளத்துக்கு அவமதிப்பு காரணம் என்று நீங்கள் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் பேசும்போது எதிரில் இருப்பவர் இடையிடையே "ம்" கொட்டுகிறார், தலையசைக்கிறார், முகத்தைச் சற்றே திருப்புகிறார். இவற்றைக் கொண்டுதான் பேசுபவர், சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது, இனி அடுத்ததற்குப் போகலாம் என்று அறிந்துகொள்கிறார். குரல் பதிவில் அந்த "ம்" இல்லை. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தனியே பேசுபவருக்கு, சொன்னது புரிந்ததா என்பது தெரியாததால், சொன்னதையே வேறு சொற்களில் மறுபடி சொல்கிறார், விளக்கம் சேர்க்கிறார், கிளைக்கதைக்குப் போகிறார். ஏழு நிமிடத்தில் பாதி, கேட்பவர் எதிரில் இல்லாததால் விளைந்தது. அனுப்பிய பிறகும் பதில் வராவிட்டால் அடுத்த பதிவு இன்னும் நீளமாகவே வரும்.

இன்னொன்றும் எண்ணிப்பாருங்கள். உங்கள் நண்பருக்குத் தட்டச்சு எவ்வளவு எளிது? தமிழில் தங்குதடையின்றிப் பேசும் பலர் தமிழ் எழுத்துகளில் நான்கு வரி எழுதத் திணறுகிறார்கள். ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி அனுப்பினால் அந்த வாக்கியங்கள் குட்டையாகி, ஏவல்போல ஒலிக்கின்றன. பார்வை குன்றியவர்கள், விரல் நடுங்குபவர்கள், எழுத்துப்பிழைக்கு அஞ்சியே வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதாமல் இருந்தவர்கள் ஆகியோருக்கு, தங்கள் மொழி முழு உருவத்தோடு வெளிப்படும் இடம் இந்த ஒலிவாங்கிப் பொத்தான்தான். அத்தகைய ஒருவரிடம் "எழுதி அனுப்பக்கூடாதா?" என்று கேட்பது நாம் நினைப்பதைவிட ஆழமாகத் தைக்கும்.

எழுதும் பழக்கம் அழியும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, குரலில் கடிதம் அனுப்பும் ஆசை ஒலிப்பதிவுக் கருவியின் வயதே ஆனது. 1877இல் ஃபோனோகிராஃபை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது முதலில் குறிப்பிட்டது கடிதம் எழுதுவதைத்தான். இசை பிறகே வந்தது. பின்னர் ஒலிநாடாக்களும் உறவினர்களுக்கிடையே அஞ்சலில் போய்வந்தன. அதனால் கடிதம் அழிந்துவிடவில்லை.

குரலின் தரத்தையும் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. மூச்சும், 'ஸ' போன்ற உரசொலிகளின் கூர்மையும் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே உதிர்ந்துபோயின. இன்றைய குரல் பதிவுகள் 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பஸ் என்னும் ஒலிச்சுருக்க முறையில் பயணிக்கின்றன. சிறிய கோப்பிலேயே அந்த மேல்பகுதியில் கணிசமானது தங்குகிறது. நண்பர் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வதற்கு முன் விட்ட பெருமூச்சு நம்மிடம் வந்து சேர்வது இதனால்தான். எழுத்தில் அதை அவர் எழுதியிருக்கமாட்டார்.

ஆனாலும் எல்லாவற்றையும் குரலில் அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. தேதி, முகவரி, தொகை, மருந்தின் பெயர் ஆகியவற்றைப் பிறகு தேடி எடுக்க வேண்டியிருக்கும். அவை எழுத்தில் இருப்பதே முறை. குரல் பதிவை எழுத்தாக்கித் தரும் வசதியை வாட்ஸப் 2024இல் அறிவித்தது என்றாலும், பேச்சுவழக்கிலும் பெயர்ச்சொற்களிலும் இத்தகைய கருவிகள் தவறிவிடுவதால், எண்களையும் மருந்துப் பெயர்களையும் அவற்றை நம்பி விட்டுவிடக் கூடாது.

ஆகவே நண்பரிடம் குரல் பதிவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவசரமானதாக இருந்தால் பதிவோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும்படி கேளுங்கள். மற்றவற்றை இரவில் நிதானமாகக் கேட்பேன் என்று சொல்லுங்கள். ஒதுக்கிவைத்த பதிவுகளில் பழையதிலிருந்து தொடங்கிக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் பதிலைத் தட்டச்சு செய்யாமல் உங்கள் குரலிலேயே அனுப்புங்கள். இத்தனை நாளாக அவருக்குக் கிடைக்காத "ம்" அதில் இருக்கும்.

அன்புடன்.