ஒரு ரீலுக்குச் சற்று மேல்

2005-இல் வந்த பீட்டர் ஜாக்சனின் 'கிங் காங்' படத்தை வீட்டில் மறுபடி பார்த்தேன், அதுவும் நீளமான பதிப்பை, என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. முப்பது வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவனிடம் படத்தின் நீளத்தைப் பற்றிக் கேட்டால் வேறு எதையும் பேசத் தோன்றாது. அதனால் இந்த முறை முழுக்கக் காங்தான்.

சேலம் வாசகர்: என்னிடம் சாதாரணப் பதிப்பின் டிவிடி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அப்படி என்ன கூடுதலாக இருக்கிறது? காங்கும் நாயகி ஆனும் வரும் காட்சிகள் இன்னும் உண்டா?

அவர்கள் இருவருக்காக மட்டும் என்றால் நீங்கள் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மலை உச்சியில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது, சென்ட்ரல் பார்க்கின் உறைந்த குளத்தில் காங் சறுக்கி விளையாடுவது எல்லாம் உங்கள் டிவிடியிலேயே இருக்கின்றன.

தியேட்டருக்கு வந்தது 187 நிமிடப் படம். 2006 மார்ச்சில் டிவிடியாக வந்ததும் அதுதான். அதே ஆண்டு நவம்பரில் மூன்று டிஸ்க் கொண்ட பெட்டியாக வந்தது 200 நிமிடப் பதிப்பு. கூடியது 13 நிமிடம். நிமிடத்துக்கு 90 அடி என்பது 35 மில்லிமீட்டர் படச்சுருளின் கணக்கு. ஆக 1,170 அடி, ஒரு ரீலுக்குச் சற்று மேல்.

அந்த ஒரு ரீலில் முக்கியமாக மூன்று இடங்கள். ஆனைத் தேடிக் காட்டுக்குள் போகும் கூட்டத்தின்மேல் கொம்புள்ள ராட்சத விலங்கு ஒன்று பாய்வது முதலாவது. அடுத்தது, சதுப்பு நீரைத் தெப்பத்தில் கடக்கும்போது நீருக்கடியிலிருந்து வரும் மீன் போன்ற பெரிய ஜந்து. கடைசியாக நியூயார்க் தெருவில் ராணுவம் வரும் பகுதி கொஞ்சம் நீள்கிறது.

இவை ஏன் இருக்கின்றன என்று புரிய 1933 படத்தைப் பார்க்க வேண்டும். மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் எடுத்த அந்த முதல் படத்தில் தேடிப் போகிறவர்களை முதலில் வழிமறிப்பது முதுகில் தட்டுத் தட்டாக எலும்பு நிற்கும் ஸ்டெகோசாரஸ். அப்புறம் மூடுபனியில் தெப்பம் கட்டி ஏரியைக் கடக்கிறார்கள். பிரான்டோசாரஸ் தெப்பத்தைக் கவிழ்க்கிறது. அதற்குப் பிறகுதான் பள்ளத்தின் மேல் விழுந்து கிடக்கும் மரம், அதைப் பிடித்து உலுக்கும் காங். ஜாக்சனின் நீளமான பதிப்பில் ஸ்டெகோசாரஸ் இருந்த இடத்தில் கொம்பு விலங்கு நிற்கிறது, பிரான்டோசாரஸ் இருந்த நீரில் மீன் இருக்கிறது. பழைய படத்தின் பயணம் படிப்படியாக முழுமையாகிறது. தியேட்டர் பதிப்பில் அந்தப் படிகளில் இரண்டு இல்லை. முதல் படத்தை ஒன்பது வயதில் நியூசிலாந்தில் டிவியில் பார்த்துவிட்டு முடிவில் அழுததாக ஜாக்சனே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் பார்த்த வரிசைதான் இது.

கொம்பு விலங்குக் காட்சி இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. சதுப்புக் காட்சி வேண்டும். தெப்பத்தில் இருப்பவர்களுக்கு ஓடவும் இடமில்லை, ஒளியவும் இடமில்லை. கலங்கிய நீருக்குள் ஏதோ நகர்வது தெரிகிறது, அவ்வளவுதான். எனக்கு அடிவயிறு பிசைந்தது. என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் ராணுவக் காட்சி வெளியேதான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் மனம் காங்கோடு போய்விட்டது. சிப்பாய்கள் பேசுவதைக் கேட்கப் பொறுமையில்லை.

கோவில்பட்டி வாசகி: எடுத்து முடித்த காட்சிகளைத் தியேட்டரிலேயே காட்டியிருக்கலாமே? டிவிடி விற்பதற்கான தந்திரமா இது?

விற்பனைக் கணக்கு இல்லாமல் எந்த ஸ்டுடியோவும் இரண்டாம் முறை பெட்டி போடாது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

ஜாக்சன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களுக்கும் நீண்ட பதிப்பு கொடுத்தார். முதல் படத்தில் 178 நிமிடம் 208 ஆனது. மூன்றாவது 201-லிருந்து 251-க்குப் போனது, அதாவது 50 நிமிடம். காங்கில் கூடியதோ 13 நிமிடம்தான். விற்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தால் இன்னும் நிறையத் திணித்திருக்க முடியும். அதே பெட்டியில் நீக்கிய வேறு காட்சிகள், அவரே அறிமுகம் சொல்ல, தனியாக இருக்கின்றன. அவற்றைப் படத்துக்குள் சேர்க்காமல் வெளியே வைத்திருக்கிறார். எது படம், எது படத்தின் மிச்சம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தியேட்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் 187 நிமிடமே பெரிய நீளம். விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்தால் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். காங் முகத்தைக் காட்டுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்த ஸ்டுடியோ, அந்த நீளத்துக்குத் தலையாட்டியதே பெரிய விஷயம். இதே யூனிவர்சல் ஸ்டுடியோதான் 1997-இல் ஜாக்சனின் முதல் காங் முயற்சியைப் பாதியில் நிறுத்தியது. 'காட்ஸில்லா'வும் இன்னொரு பெரிய கொரில்லா படமும் அப்போது வரவிருந்தன.

தஞ்சாவூர் வாசகர்: 1933 படத்திலிருந்து நீக்கப்பட்ட 'சிலந்திப் பள்ளம்' காட்சி இந்தப் பதிப்பில் இருப்பதாக நண்பர் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் இரண்டு பெட்டிகளைக் கலந்துவிட்டார். தயவுசெய்து அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

1933-இல் காங் மரத்தை உலுக்க, மாலுமிகள் பள்ளத்தில் விழுவார்கள். விழுந்தவர்களைச் சிலந்தியும் பல்லியும் தின்பதாக வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மைகளை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படமாக்கியிருந்தார். கதையின் ஓட்டம் அங்கே நின்றுவிடுகிறது என்று கூப்பர் அதை எடுத்துவிட்டார். அந்தச் சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதே படம் 1938-இல் மறுவெளியீடு ஆனபோது தணிக்கை விதிகளுக்காக இன்னும் சில இடங்கள் வெட்டப்பட்டன. காங் ஆனின் உடையைப் பிய்த்து முகர்வது, தீவுவாசிகளை மிதிப்பது, தவறான பெண்ணைத் தூக்கி மாடியிலிருந்து கீழே போடுவது. இவை பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தன. பள்ளம் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஜாக்சனும் அவருடைய தந்திரக் காட்சிகளைச் செய்யும் வெட்டா குழுவும் மிஞ்சிய படங்களையும் குறிப்புகளையும் வைத்து, பழைய பொம்மை முறையிலேயே, கறுப்பு வெள்ளையில் அந்தக் காட்சியை மறுபடி செய்தார்கள். அது 2005-இல் வந்த 1933 படத்தின் இரண்டு டிஸ்க் டிவிடியில் இருக்கிறது. ஜாக்சனின் சொந்தக் காங்கில் இருப்பது அவருடைய பூச்சிப் பள்ளம், அது இரண்டு பதிப்பிலும் உண்டு. சமையல்காரர் லம்பி புழுக்களிடம் சிக்கிச் சாகும் இடம். லம்பியாக நடித்தவர் ஆண்டி செர்கிஸ், காங்காக நடித்தவரும் அவரேதான். ருவாண்டா போய் மலைக் கொரில்லாக்களை நேரில் பார்த்துப் பழகிவிட்டு வந்து நடித்தவர். காங்கின் கண் அத்தனை பேசுவதற்கு அந்த மனிதரின் உழைப்பு பெரிய காரணம்.

ஒன்பது வயதுப் பேரனோடு பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பூச்சிப் பள்ளம் பெரியவர்களையும் உலுக்கும். அந்தப் பகுதியைத் தாண்டி ஓட்டிவிடுங்கள்.

நாகர்கோவில் வாசகி: கப்பலில் வரும் பையன் ஜிம்மி நியூயார்க்கில் காணவே காணோம். நீண்ட பதிப்பிலாவது சொல்லியிருக்கிறார்களா?

இல்லை. எனக்கும் அது வருத்தம்தான். தீவை விட்டுக் கிளம்பிய பிறகு அவனுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு பதிப்புமே சொல்வதில்லை. ஒரு நிமிடம் போதும், கூட்டத்தில் அவன் முகத்தைக் காட்டியிருக்கலாம். 13 நிமிடம் கூட்டியவர் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

ஈரோடு வாசகர்: 1976 காங்குக்கும் நீண்ட பதிப்பு உண்டாமே?

உண்டு. ஜெசிகா லாங், ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்து, காங் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் ஏறும் படம். அமெரிக்க டிவியில் இரண்டு இரவாகப் போடுவதற்காக முக்கால் மணி நேர அளவுக்குக் காட்சிகளைச் சேர்த்தார்கள். அது 2021-இல் ப்ளூரேயில் வந்தது. இரண்டு நாள் நேரத்தை நிரப்புவதற்கான நீட்டல் அது. படம் இளைக்கிறது, கனம் கூடவில்லை. பார்த்தே ஆக வேண்டியது என்று சொல்ல மாட்டேன்.

திருச்சி வாசகர்: நீண்ட பதிப்பு டிவிடியில் படம் பாதியில் நிற்கிறது. டிஸ்க் பழுதா?

பழுதில்லை, பயப்படாதீர்கள். இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிகாபைட்தான் கொள்ளும். 200 நிமிடத்தையும் பல மொழி ஒலியையும் ஜாக்சனும் உடன் திரைக்கதை எழுதிய பிலிப்பா பாயன்ஸும் பேசும் விளக்க உரையையும் ஒரே டிஸ்க்கில் நெருக்கினால் இருட்டான காட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் படத்தை இரண்டாவது டிஸ்க்கில் தொடர்கிறார்கள். எழுந்து மாற்றிப் போடுங்கள். நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது.

மாற்றப் பிடிக்காவிட்டால் 2009 ப்ளூரே வாங்குங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு பதிப்பும் இருக்கின்றன. பொதுவான காட்சிகள் ஒரே முறைதான் பதிவாகியிருக்கும். நீங்கள் எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப பிளேயர் கூடுதல் துண்டுகளுக்குத் தாவிப் போய்த் திரும்பும். தாவுவது கண்ணுக்குத் தெரியாது. புதிதாகப் பார்க்கிறவர் முதலில் 187 நிமிடத்தைப் பாருங்கள், அடுத்த முறை 200.

எங்கள் ஊர் வாசகர்: நீங்கள் வேலை பார்த்த தியேட்டரில்தான் 2005 டிசம்பரில் பார்த்தேன். சமீபத்தில் என் மகன் வீட்டில் பார்த்தால் கப்பலில் நான் பார்க்காத காட்சிகள் நிறைய. அவன் வைத்திருப்பது சாதாரணப் பதிப்புதான் என்கிறான். எனக்கு நினைவு தப்புகிறதா?

உங்கள் நினைவு சரியாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுப் படமும் ஓட்டினோம். நாளுக்கு நான்கு காட்சி என்பது கட்டாயம். கடைசிக் காட்சி விடும்போது இரவு இரண்டரை மணி. அதோடு காங் எப்போது வரும் என்று கீழே விசில். இரண்டாம் நாள் காலையில் முதலாளி மேலே வந்தார், கப்பலில் சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதில் கொஞ்சம் குறை என்றார். இரண்டிரண்டு ரீலாக ஒட்டித்தான் ப்ரொஜெக்டரில் ஏற்றுவோம். கப்பல் பகுதியில் அப்படி ஒரு ஜோடியை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்திருப்பார் என்பது உண்மை. எடுத்தது நான் என்பதும் உண்மை.

அன்று மாலைக் காட்சியில், பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தின் மேல் ஹேய்ஸ் காங்கிடம் சிக்கிச் சாகிறார். ஜிம்மி அலறுகிறான். முதல் நாள் அந்த இடத்தில் அரங்கம் அடங்கிப் போயிருந்தது. இரண்டாம் நாள் சிலர் சிரித்தார்கள். யாரோ ஒரு மாலுமி செத்ததற்கு இந்தப் பையன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பையனை வளர்த்தவர் ஹேய்ஸ் என்பது அலமாரி மேல் இருந்தது. அதை நான் அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போன பிறகு அந்த ஜோடியைத் திரும்ப ஒட்டித்தான் பெட்டியை அனுப்பினேன். ஆனால் அதற்குள் உங்களைப் போல எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தீர்கள்.

உங்கள் மகனிடம் இருக்கும் பதிப்பே போதும். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதிலிருந்து போடச் சொல்லுங்கள். ஜிம்மி ஜோசப் கான்ராடின் நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஹேய்ஸிடம் கேட்பான், அவர் பதில் சொல்வார். அதுவரைக்கும் பாருங்கள். பிறகு மரக்காட்சிக்கு வாருங்கள்.