தங்க நிற கிளிப்பா, வெள்ளி நிற கிளிப்பா? இங்க் பேனா வாங்கப் போகிறவருக்கு ஒரு பதில்

தூத்துக்குடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது: "பிளாட்டினம் என்ற ஜப்பான் கம்பெனியின் 3776 செஞ்சுரி இங்க் பேனா வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். நிறம் ஷார்த்ர் புளூ என்று முடிவாகிவிட்டது. அதில் தங்க நிற ட்ரிம் (கிளிப், வளையம் மாதிரி உலோக பாகங்கள்) ஒன்று, வெள்ளி நிறத்தில் ரோடியம் ட்ரிம் ஒன்று இருக்கிறது. நீலத்துக்குத் தங்கம்தான் எடுப்பு என்று என் மனைவி சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, முன்பு வைத்திருந்த பேனாவின் தங்க நிற கிளிப் ஒரே வருடத்தில் செம்பு நிறமாகிவிட்டது. வெள்ளி என்றால் கறுத்துவிடுமோ என்றும் சந்தேகம். பேனா தினமும் சட்டைப்பையில்தான் இருக்கும். எதை வாங்கட்டும்? நிப் எழுதுவதில் வித்தியாசம் உண்டா?"

ரோடியம் வாங்குங்கள். சட்டைப்பை, வியர்வை, கடற்காற்று மூன்றும் உங்கள் கேள்வியிலேயே இருப்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். அழகு என்று மட்டும் பார்த்தால் உங்கள் மனைவி சொன்னதுதான் சரி, அதற்கும் கீழே வருகிறேன்.

முதலில் அந்த வெள்ளி சந்தேகம். இங்க் பேனா உலகத்தில் "சில்வர் ட்ரிம்" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது, வெறும் நிறத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். விலை குறைந்த பேனாக்களில் அது குரோம், விலை ஏற ஏற ரோடியம், பல்லேடியம், சிலவற்றில் பிளாட்டினம் பூச்சு. கறுத்துப்போவது அசல் வெள்ளிதான், காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்பைடாகிறது, கொலுசு கறுக்கும் அதே விஷயம். ரோடியத்துக்கு அந்த வியாதி இல்லை. பிளாட்டினம் குடும்பத்து உலோகம், கந்தகமும் வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. நகைக்கடையில் வெள்ளைத் தங்க மோதிரத்துக்குக் கண்ணாடி போல மினுமினுப்பு கொடுப்பதும் இதே ரோடியம் பூச்சுதான். அசல் வெள்ளியில் செய்த பேனாக்களும் உண்டு, 1960களில் வந்த பார்க்கர் 75ன் கட்டம் போட்ட வெள்ளி உடல் ரொம்பப் பிரபலம், அதில் கோடுகளுக்குள் கறுப்பு படிந்து நிற்பதையே அழகு என்று விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கப்போவது அந்த வகை இல்லை.

இப்போது உங்கள் பழைய பேனா. அதில் தங்கம் கறுக்கவில்லை, செம்பாக மாறவும் இல்லை. தங்கம் தேய்ந்து போய்விட்டது, அடியில் இருந்த பித்தளை வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். கிளிப் எப்படி இருக்கும் என்றால் உள்ளே பித்தளை அல்லது ஸ்டீல், அதன் மேல் வழக்கமாக நிக்கல், அதற்கும் மேலேதான் தங்க முலாம். நிக்கல் அடுக்கு இல்லாமல் நேராகப் பித்தளை மேல் மெலிசாக முலாம் போட்டால் தேய்மானமே வேண்டாம், பித்தளையில் உள்ள செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்து நிறத்தைக் கெடுத்துவிடும். மலிவுப் பேனாவின் முலாம் அரை மைக்ரானைக்கூடத் தொடாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மெலிசு என்று பாருங்கள். அதோடு தங்கம் மிருதுவான உலோகம். முலாமில் கோபால்ட் போன்றவற்றைச் சேர்த்துக் கடினமாக்குவார்கள், அப்படியும் ரோடியம், குரோம் அளவு கடினம் அதற்கு வராது.

எங்கே தேயும் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் பேனா முழுக்க ஒரே மாதிரி தேய்வதில்லை. கவரிங் நகை போட்டவர்களுக்கு இது தெரியும், சங்கிலி கழுத்தில் உரசும் இடத்தில்தான் முதலில் வெளுக்கும். பேனாவில் அந்த இடம் கிளிப்பின் முனை, துணியை அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன உருண்டை. ஒரு நாளைக்குப் பத்து முறை பையிலிருந்து எடுத்து வைத்தால் இருபது முறை அது துணியில் இழுபடுகிறது. அடுத்தது மூடியின் அடி வளையம். 3776 திருகு மூடிப் பேனா, திறக்கும்போதெல்லாம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த வளையத்தைப் பிடித்துத்தான் திருகும், அங்கே வியர்வை உப்பு படிந்துகொண்டே இருக்கும். தங்கத்தை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும், அது வழியாக உள்ளே போய் அடி உலோகத்தை அரிக்கும். மூடி வளையத்தில் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகள் வருகின்றன என்று பலர் சொல்வது இதைத்தான்.

ரோடியம் தேயாதா? தேயும். அந்தப் பூச்சு தங்க முலாமை விடவும் மெலிசாகத்தான் போடுவார்கள், விலை அப்படி. ஆனால் ரோடியம் தேய்ந்தால் அடியில் பெரும்பாலும் இருப்பது நிக்கல், அதுவும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் கொஞ்சம் மஞ்சளோடிய வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். தங்கம் தேய்ந்தால் மஞ்சளுக்கு நடுவில் வெள்ளைத் திட்டு, பளிச்சென்று தெரியும். "எது அதிக நாள் வரும்" என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் அதை விட "தேய்ந்தால் எது தெரியும்" என்பதைத்தான் பார்ப்பேன். தினமும் உழைக்கிற பேனாவுக்கு ரோடியம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். (நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் வாட்ச் கட்டினால் அரிக்கிற உடம்பு என்றால், எழுதும்போது விரல் படுகிற இடத்தில் உலோக வளையம் இல்லாத பேனாவாகப் பார்த்து வாங்குங்கள், ட்ரிம் எந்த நிறமானாலும்.)

நிப் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேனாவில் இரண்டு ட்ரிம்மிலும் நிப் ஒன்றுதான், 14 காரட் தங்கம். நகைக்கடையில் 916 பார்த்திருப்பீர்கள், 22 காரட். நிப்பில் 585 என்று இருக்கும், 58.5 சதவீதம் தங்கம். 22 காரட்டில் நிப் செய்தால் மிருதுவாக இருந்து வளைந்துவிடும், எழுதி அழுத்தத்தை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிற வில் தன்மை வேண்டும் என்பதால்தான் 14, 18 காரட்டில் செய்கிறார்கள், செய்லர் என்ற ஜப்பான் கம்பெனி 21 காரட்டிலும் செய்கிறது. ரோடியம் ட்ரிம் பேனாவில் அதே தங்க நிப்பின் மேல் ரோடியம் பூசியிருப்பார்கள், ஆக வெள்ளை நிப்பைப் பார்த்து தங்கம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காகிதத்தில் உரசுவது நிப்பின் முனையில் ஒட்ட வைத்திருக்கும் கடினமான உலோகக் கலவை உருண்டை, அதற்கும் பூச்சின் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு பேனா வேறு வேறு மாதிரி எழுதினால் நிப்பின் இரண்டு காலும் (நடுப் பிளவின் இரு பக்கமும்) சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

ஸ்டீல் நிப் பேனாக்களில் மட்டும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஜெர்மனியின் பெலிகன் கம்பெனி செய்யும் எம்200ல் ஸ்டீல் நிப்புக்குத் தங்க முலாம் போட்டிருப்பார்கள், எம்205ல் நிப்பும் வெள்ளை நிறம். (பெலிகனில் எண் 5ல் முடிந்தால் வெள்ளி நிற ட்ரிம், எம்800 தங்கம், எம்805 வெள்ளி நிறம், கடைப் பட்டியலைப் படிக்க இது உதவும்.) முலாம் போட்ட ஸ்டீல் நிப்பில் நடுப் பிளவின் ஓரமாகத்தான் முலாம் முதலில் போகும், அயர்ன் கால் (இரும்பு உப்பு சேர்த்துச் செய்யும் பழைய வகை மை) மாதிரி அமிலத்தன்மை உள்ள மை ஊற்றினால் இன்னும் சீக்கிரம். எழுதுவது கெடாது, பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

சரி, அழகு. ஷார்த்ர் புளூ என்பது பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத்துச் சாயக் கண்ணாடியின் நீலத்தை மனதில் வைத்து வைத்த பெயர். உள்ளே வெளிச்சம் புகுகிற ஆழ்ந்த நீலம், வெயிலில் பிடித்தால் உள்ளே மை நிற்கும் கன்வெர்ட்டர் குழாய்கூட மங்கலாகத் தெரியும், ஆனால் வகுப்பறை டியூப்லைட்டில் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் இருக்கும். இருண்ட நீலத்தின் பக்கத்தில் மஞ்சள் வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும், பட்டுப்புடவையில் நீலத்துக்கு ஜரிகை எடுப்பதும் அதனால்தான், உங்கள் மனைவியின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ரோடியம் போட்டால் பேனா குளிர்ந்த தோற்றத்துக்குப் போய்விடும், நீலம் இன்னும் நீலமாகத் தெரியும், ஆனால் அந்த விழாக்கால மினுக்கு இருக்காது. இதே பேனா பர்கண்டி சிவப்பில் இருந்தாலோ, மேசையிலேயே இருந்து கையெழுத்துக்கு மட்டும் எடுக்கிற கறுப்புப் பேனாவாக இருந்தாலோ நான் தங்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். கறுப்பில் தங்கம் அத்தனை பொருத்தம். சாம்பல், பச்சைநீலம், கண்ணாடி மாதிரி நிறமில்லாத பேனா, இவற்றுக்கு ரோடியம்.

தங்கமே வேண்டும், ஆனால் தேயக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது: பழைய பேனா. 1941ல் வந்த பார்க்கர் 51ன் தங்க மூடிகள் பலவற்றில் 1/10 12 காரட் என்பது போன்ற முத்திரை இருக்கும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கம் என்று அர்த்தம். அது மின்முலாம் கிடையாது, தங்கத் தகட்டை அடி உலோகத்தோடு அழுத்தி ஒட்ட வைத்தது. முலாமை விடப் பல மடங்கு கனம், அதனால்தான் எண்பது வருடம் கழித்தும் பளபளவென்று நிற்கிறது. இன்றைய பேனாக்களில் இந்த வேலை கிட்டத்தட்ட இல்லை. மலிவில் தங்க நிறம் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு ஒன்று இருக்கிறது, டிரில் பிட்டில் பார்க்கிற மஞ்சள் அதுதான், இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் அந்த மஞ்சளில் தங்கத்தின் வெதுவெதுப்பு வராது.

எபொனைட் பேனா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் திருவள்ளூர் ரங்கா பேனாக்கள் நம்மில் பலரிடம் இருக்கின்றன. எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதிலிருந்து துளித்துளியாகக் கந்தகம் வெளியேறிக்கொண்டே இருக்கும், அசல் வெள்ளி வளையம் போட்டால் சீக்கிரம் கறுக்கும், மெலிந்த தங்க முலாமும் நாளடைவில் மங்கும். எபொனைட் உடலுக்கு குரோம் அல்லது ரோடியம் கிளிப் கேட்டு வாங்குவது நல்லது. காற்றோட்டம் இல்லாத டப்பாவில் மற்றப் பேனாக்களோடு சேர்த்துப் பூட்டி வைக்காதீர்கள்.

அப்புறம் சுத்தம் செய்வது. நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் என்றால் உடனே கை விபூதிக்குப் போகும். பேனாவில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், தயவுசெய்து. விபூதி, பற்பசை, மெருகேற்றும் துணி எல்லாமே மெலிதாகச் சுரண்டித்தான் பளபளப்பு தருகின்றன, கட்டி வெள்ளிக்கு அது தாங்கும், அரை மைக்ரான் முலாமுக்குத் தாங்காது. போதாததற்கு மூடி வளையத்தில் பொறித்த எழுத்துக்குள் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். புளியும் எலுமிச்சையும் அடி உலோகத்தை அரிக்கும். பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து கிளிப்பையும் வளையத்தையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. தூத்துக்குடிக் காற்றுக்கு வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். மை நிரப்பும்போது பேனாவைக் கழுத்து வரை முக்கினால் மூடியைப் போடும் முன் கழுத்தைத் துடைத்துவிடுங்கள், சில பேனாக்களில் நிப்புக்கு மேலே இருக்கும் மெல்லிய வளையம் மூடிக்குள் மையில் ஊறியே அரித்துப்போகிறது.

ரோடியம் பதிப்புக்கு சில கடைகளில் விலை கொஞ்சம் கூடச் சொல்வார்கள், வித்தியாசம் சின்னதாக இருந்தால் கொடுக்கலாம், பெரிதாக இருந்தால் வேறு கடை பாருங்கள். ஒன்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை, நிப் அளவு. ஜப்பான் பேனாவின் எஃப் (ஃபைன், மெல்லிய முனை), ஐரோப்பியப் பேனாவின் எஃப்பை விட மெலிது. நோட்டுத் திருத்தத்தான் அதிகம் எழுதுவீர்கள் என்றால், அரசுப் பள்ளி நோட்டுக் காகிதத்தில் மை ஊறாமல் இருக்க எஃப் சரியாக இருக்கும், எம் (மீடியம், நடுத்தர முனை) வாங்கினால் பின்பக்கம் தெரியும்.