தூள் மட்டும் போதாது, அம்மாவின் குசினியில் நின்றுவிட்டு வாருங்கள்

பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து செப்டெம்பரில் ரொறன்ரோவுக்குப் படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அறை வாடகை எப்படி, பகுதிநேர வேலை கிடைக்குமா, குளிரங்கியை அங்கேயே வாங்கவா, எத்தனை கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவரலாம், அம்மாவின் சமையல் இல்லாமல் எப்படி இருக்கப்போகிறேன் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் வேலைக்கும் வழி சொல்ல ஆட்கள் நிறைய வருவார்கள். குளிரங்கியை இங்கே வாங்குங்கள். ஊரில் விற்பது இந்தக் குளிருக்குக் காணாது. நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே வந்த பிள்ளைகள் உடம்பைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில்தான்.

தூளை ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கட்டிக்கொண்டு வராதீர்கள். இரண்டு கிலோ போதும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மாதம் போகப்போக வாசம் இறங்கிவிடும். கடைசியில் நிறமும் உறைப்பும்தான் மிஞ்சும். வந்தவுடன் பாதியை உறைபெட்டியில் வையுங்கள். விமான நிலையத்தில் உணவு கொண்டுவந்தீர்களா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். கனடாவில் எந்த உணவையும் எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்து வைத்துக்கொள்வார்கள்; மறைத்தால்தான் தண்டம். இறைச்சி சேர்ந்த எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பைக்குள் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். அவர்கள் அதையும் திரவமாகத்தான் கணக்கெடுப்பார்கள், 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், இங்கே 120. பாரத்தைச் சுமந்து வந்து மூலையில் வைப்பதில் பலனில்லை.

அந்த இடத்தில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஒன்று வையுங்கள். அது பாரமே இல்லை. பனையோலையில் இழைத்தது என்பதால் அதையும் அறிவித்துவிடுங்கள். இங்கே உலோகக் குழலில் பிட்டு அவிக்கிறார்கள், நானும் அவித்திருக்கிறேன். ஓலை வாசம் ஏறாத பிட்டை எனக்குப் பிட்டு என்று சொல்ல மனம் வருவதில்லை.

நான் வந்தது 1980களின் கடைசியில். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிய செய்தி அப்போதும் எல்லார் வாயிலும் இருந்தது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இன்று தெருவுக்குத் தெரு நீங்கள் பார்க்கப்போகும் தமிழ்க்கடைகள் அன்று இல்லை. நாங்கள் ஒரு பேஸ்மென்டில் பலராகக் கூடியிருந்தோம். வீட்டுக்காரர் நம்மவர்தான். மீன் சமைக்கக் கூடாது, கருவாட்டை நினைத்தும் பார்க்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குப் பிறகு அடுப்பு மூட்டக் கூடாது என்று சட்டம் போட்டார். மேலே அவர் வீட்டில் மீன் பொரிகிற வாசம் எங்களுக்கு இறங்கி வரும். இத்தனை ஆண்டு போன பிறகும் எனக்கு அது ஆறவில்லை. அந்நியர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவர் சொன்னதுதான் உறுத்துகிறது. இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: அடுப்பு தனியா பொதுவா, எந்த நேரத்தில் சமைக்கலாம், மீன் சமைக்கலாமா, புகையை வெளியே தள்ளும் காற்றாடி உண்டா. வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள்.

பேஸ்மென்டில் செத்தல் மிளகாய் வறுக்காதீர்கள். ஜன்னல் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதுவும் பனியில் இறுகிக் கிடக்கும். புகை எச்சரிக்கை மணி அலறும், மேல்மாடிக் குழந்தை இருமும், அன்றோடு உங்கள் பெயர் கெடும். வறுக்கும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, முற்றம் உள்ள வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு வெளியே வறுங்கள். பொரிக்கும்போது குளிரங்கியை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள். அதில் ஏறிய எண்ணெய் வாசம் குளிர்காலம் முடியுமட்டும் போகாது.

தூள் வறுப்பதை எழுதும்போதே எனக்கு அம்மம்மா வந்துவிடுகிறார். பருத்தித்துறைப் பக்கம் எங்கள் வீடு. கிணற்றடிக்குப் போகும் வழியில் குசினி, அதற்கு வெளியே மூன்று கல் வைத்த அடுப்பு. கொத்தமல்லியைத்தான் முதலில் தாச்சியில் போடுவார். கை ஓயாமல் கிண்டிக்கொண்டே ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். மொறுக்கென்று உடைந்தால் இறக்குவார், இல்லையென்றால் மறுபடியும் கிண்டுவார். பிறகு மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெந்தயம் கருகினால் ஒரு வருசத் தூளும் கைத்துப்போகும் என்று அந்த நேரம் யாரையும் பேச விடமாட்டார். கறிவேப்பிலையை உள்ளங்கையில் நொறுங்குமட்டும் வறுப்பார். கடைசியில் மிளகாய். அப்போது குழந்தைகளைக் கிணற்றடிக்குத் துரத்திவிடுவார். நாங்கள் அங்கே நின்று தும்முவோம்.

இடித்து அரித்து முடித்த அன்று மத்தியானம் புதுத்தூளில் மீன்குழம்பு. மண்சட்டியில் முதல்நாள் குழம்பு வற்றி ஒட்டிக் கிடப்பதுதான் எங்கள் குறி. அடுத்த நாள் காலை அந்தச் சட்டிக்குள்ளேயே பழஞ்சோற்றைப் போட்டு, மிஞ்சிய மரக்கறியையும் சேர்த்துக் குழைத்து, வரிசையாக உட்கார்ந்த எங்கள் கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். குழையல் சோற்றுக்கு ஈடாக இந்த நாட்டில் எந்த உணவகத்திலும் எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் குழைத்துக் கொடுத்து வளர்த்தேன். இன்று அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

1973, 74இல் இலங்கை முழுக்க உணவுத் தட்டுப்பாடு. அரிசிக்குக் கட்டுப்பாடு, மாவுக்குத் தட்டுப்பாடு, பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற சிறுமி. வீட்டில் மரவள்ளிதான் சாப்பாடு. அவித்துச் சம்பலோடு ஒரு நாள், பால்கறியாக ஒரு நாள், காயவைத்து இடித்த மாவில் பிட்டாக ஒரு நாள். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி தொடக் கூடாது என்று அம்மம்மா காவல் இருப்பார். பெரியவர்களுக்கு அது கவலைக் காலம். எங்களுக்கு, அடுப்படியில் சாம்பலுக்குள் சுட்ட கிழங்கைத் தோலுரித்து ஊதி ஊதித் தின்ற காலம். குறைந்ததைக் கொண்டு நிறைவாகச் சமைக்க அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் படிப்புத்தான். கடையில் கிடைத்த சாதாரணக் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் அரித்தெடுத்துப் பிட்டுக் குழைத்தேன். ஆறவிட்டால் கட்டி கட்டியாகிவிடும், கவனம். தோசைமா இந்தக் குளிரில் புளிக்காது. அடுப்பின் ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க உள்ளே வையுங்கள், விடியப் பொங்கியிருக்கும். ஊரில் அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைப்பார்கள், இங்கே ஈஸ்ட். அப்பத்தின் கரை மொறுமொறுவென்று வரும், நடு மெத்தென்று இருக்கும், வாசம் மட்டும் வேறு.

இங்கே உங்களுக்கு இரண்டு விதமான ஆட்கள் புத்தி சொல்வார்கள். ஒரு கூட்டம், வந்த நாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பழகு, சோறும் கறியும் எதற்கு என்று கேட்கும். அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியின் ருசி தெரியாது. அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். இன்னொரு கூட்டம், சமைக்க எங்கே நேரம், கடையில் இடியப்பம் இருக்கிறது, கொத்துரொட்டி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும். இந்த இரண்டாவது புத்திதான் எனக்குப் பயம். இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைகள் நாள்தோறும் கொத்துரொட்டியும் குளிர்பானமுமாக ஒரு வருசத்தைக் கடத்துகிறார்கள். நம் ஆட்களுக்குச் சர்க்கரை வியாதி இயல்பாகவே முந்தி வருவது, அதற்கு இப்படி வழி விடலாமா? கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பு அது. கிழமையில் ஒரு நாள் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்துச் சாப்பிடும் பழக்கத்தையும் பழகாதீர்கள். நான் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, கூடவேலை செய்த நம்மவர் சிலர் வெள்ளைக்காரர் முகம் சுளிப்பார்கள் என்று வெறும் பாணைத் தின்றுவிட்டு அரைப்பட்டினியாக நின்றார்கள். நான் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுபோய் மேசையில் திறந்து வைத்துத்தான் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த போர்த்துக்கேயப் பெண் ஒரு நாள் தன் கோப்பையை நீட்டி ஒரு கரண்டி கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்த உப்பு மீனும் என் குழம்பும் இடம் மாறாத நாள் குறைவு.

இனி நான் சொல்ல வந்தது. புறப்படுவதற்கு முன் உள்ள நாட்களில் கடைத்தெருவைக் குறைத்துக்கொண்டு அம்மாவின் குசினியில் நில்லுங்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் எந்த அம்மாவும் சரியாகச் சொல்லமாட்டார். அளவு அவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே அவர் ஒரு சிறங்கை மா அள்ளும்போது நடுவில் ஒரு கிண்ணத்தைப் பிடியுங்கள், கிண்ணத்தில் விழுந்ததை அளந்து எழுதுங்கள். உப்புக்கும் அப்படியே, புளிக்கும் அப்படியே. சொதிக்கு முதற்பாலை எந்த நேரத்தில் விடுகிறார், விட்டபின் எத்தனை நேரம் அடுப்பில் வைக்கிறார், தேசிக்காயை இறக்கியபின் பிழிகிறாரா முன்னாலா என்று பாருங்கள். கைபேசியில் படம் பிடியுங்கள், நல்லதுதான். ஆனால் வெங்காயம் எப்போது போதுமென்று மூக்குத்தான் சொல்லும், அது படத்தில் வராது.

ஒடியல் கூழையும் கேட்டு வையுங்கள். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கைக்கும். எங்கள் வீட்டில் கூழ் என்றால் முற்றத்தில் பெரிய பானை ஏறும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை என்று வரிசையாக விழும். கடைசியில் மாவும் புளியும் அரைத்த மிளகாயும். கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தருவது என் வேலை. சூட்டில் இலை வாடி ஒரு வாசம் விடும், அதுவும் கூழோடு தொண்டைக்குள் இறங்கும். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய யாரும் பேசாமல் குடிப்போம்.

அம்மாவின் சமையல் இல்லாமல் எப்படி இருப்பது என்று கேட்டீர்களே. முதல் மாதங்கள் கடினம்தான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆனால் குளிர்காலத்தில் இங்கே மாலை ஏழு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஐந்தரை. நீங்கள் இரவுச் சமையலுக்கு அடுப்பை மூட்டும் நேரத்தில் அம்மாவும் குசினிக்குள் நிற்பார். அந்த நேரத்தில் அழையுங்கள், இரண்டு பேரும் சமைத்துக்கொண்டே கதைக்கலாம்.

வங்கிக் கணக்கு, பஸ் அட்டை இவற்றையெல்லாம் கல்லூரியில் காட்டித் தருவார்கள். ஒக்ரோபர் நீண்ட வார இறுதியில் எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுவோம், புதிதாக வந்த பிள்ளைகளைக் கூப்பிடுவது வழக்கம். நீங்களும் வாருங்கள். நண்டு சாப்பிடமாட்டீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத் தனிச் சட்டி வைக்கிறேன்.