வேல்ஸ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு: கேளுங்கள், சொல்கிறேன்

ஸ்வான்ஸியில் நெடுநாள் வாசம். பள்ளி விடுமுறை நெருங்குவதால் கேள்விகள் குவிந்துவிட்டன. எதைக் கேட்பதற்கு முன்பும் போகும் ஊரின் ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறும், வற்றும் நேரப் பட்டியலை, பார்த்துவிடுங்கள்.

லெஸ்டரிலிருந்து ஓர் அம்மா: நான்கு வயதில் மகன், முழங்கால் வலியோடு மாமியார். டென்பியா, லாண்டட்னோவா?

மாமியாருக்காக லாண்டட்னோ. டென்பி அழகுதான், ஆனால் ஊர் மேட்டில், கடற்கரை கீழே. படிக்கட்டு ஏறி இறங்கியே அவருக்குப் பொழுது போய்விடும். லாண்டட்னோவில் கடலோர நடைபாதை சமதரை. 1902 முதல் ஓடும் டிராம் கிரேட் ஓர்ம் குன்றின் மேல்வரை ஏற்றிவிடும். ஒரு குறை: வடக்குக் கரை பெரும்பாலும் கூழாங்கல். மகன் பக்கெட்டோடு அழுவான். மணலுக்கு மேற்குக் கரைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும், அதனால் ஓத அட்டவணை.

ஞாயிறன்று டென்பியிலிருந்து கால்டி தீவுக்குப் படகு உண்டா?

கிடையாது. துறவிகள் வாழும் தீவு. சனிக்கிழமை போங்கள். அவர்கள் செய்யும் சாக்லேட்டும் வாங்கலாம்.

ஆகஸ்டில் ஸ்கோமர் தீவில் பஃபின் கடற்பறவைகளைப் பார்க்கலாமா?

ஜூலை முடிவதற்குள் அவை கடலுக்குப் போய்விடும்.

பர்மிங்ஹாம் நண்பர்: ரோசிலியில் வோர்ம்ஸ் ஹெட் தீவுக்கு நடந்தே போகலாமாமே? வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் இருக்கிறதே, அவசரம் எதற்கு?

இதைத்தான் எதிர்பார்த்தேன். உச்ச வற்றத்துக்கு முன் இரண்டரை மணி நேரம், பின் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான் பாறைப் பாதை திறந்திருக்கும். அதற்குள் திரும்பி இக்கரையில் நிற்க வேண்டும். கவிஞர் டிலன் தாமஸே இளவயதில் அங்கே மாட்டிக்கொண்டவர்.

அவரே மறுபடியும்: ஆறு மணி நேரத்தில் சீராகத்தானே ஏறும்? மூன்றாவது மணியில்கூட பாதிதான் வந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துவிடலாம்.

சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வையுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. பெரிய ஓத நாளில் இங்கே 8 மீட்டருக்கு மேல் ஏறும். அதாவது மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் 4 மீட்டர். சென்னையில் ஒரு நாளின் ஏற்ற வற்றமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மெரினாவில் பழகிய கண் இங்கே ஏமாறுவது அதனால்தான். தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. நீங்கள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் பாறை இடுக்குகள் சத்தமில்லாமல் நிரம்பும். நீரோட்டமும் பலமானது, நீந்திக் கடக்கப் பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டால் தீவிலேயே இருந்து 999 அழைத்து 'கோஸ்ட்கார்டு' (கடலோர மீட்புப் படை) என்று சொல்லுங்கள்.

குழந்தைக்குக் காற்றடைத்த ரப்பர் படகு வாங்கினோம்...

வீட்டு நீச்சல் தொட்டியில் விடுங்கள். கரையிலிருந்து காற்று கடலுக்கு அடித்தால் கண்முன்னே போய்விடும். கரையில் ஆரஞ்சு காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) பறந்தால் ரப்பர் படகுக்கே தடை. குளிப்பது சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்.

மணலில் ஏதோ காலில் குத்தி, உயிர் போகிற வலி. ஐஸ் வைக்கலாமா?

ஐஸ் வேண்டாம். வீவர் மீனாக இருக்கும். மணலுக்குள் புதைந்து முதுகு முள்ளை மட்டும் நீட்டியிருக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், குறைந்தது அரை மணி நேரம். நீங்கள் முதலில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையின் காலை வையுங்கள்.

ஆகஸ்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா?

16, 17 டிகிரி. இருக்காது.

மலிவான விடுதி? என் துறையல்ல.

வோர்ம்ஸ் ஹெட்டுக்கு மதியம் போகலாமா?

என்றைக்கு மதியம்? வற்ற நேரம் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். மேலே சொன்னதைப் படியுங்கள்.

வோர்ம்ஸ் ஹெட்டுக்கு எது நல்ல நேரம்?

ஐயா, அட்டவணை.

பர்மிங்ஹாம் நண்பர்: பார்த்துவிட்டேன். நாங்கள் போகும் நாளில் வற்றம் காலை 6.10.

சரி, அப்படியானால் 8.40க்குள் இக்கரையில் இருக்க வேண்டும். பிள்ளைகளை எத்தனை மணிக்கு எழுப்புவது என்று உங்கள் மனைவியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.