இன்ஜினைத் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம்

"கார் இன்ஜின் பகுதியை வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் கழுவலாமா? மழையில் நனையத்தானே செய்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே தாராளமாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் தண்ணீரை அடித்துக் கழுவாதீர்கள்.

என்னிடம் இருப்பது 2012 மாடல் பெட்ரோல் வேகன்ஆர். சில வருடங்களுக்கு முன் ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் அதை ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். பானட்டைத் திறந்து, டீசலை ஸ்ப்ரே செய்து, பிரஷர் கன்னால் மூலை முடுக்கெல்லாம் அடித்தார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. மறுநாள் விடியற்காலை நான்கு வழிச்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. செக் இன்ஜின் விளக்கு மின்னியது, மிதித்தால் பிக்கப் இல்லை. மனைவியும் மகளும் உள்ளே, பின்னால் லாரிகள். அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. மெக்கானிக், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றிக் காட்டினார். ஸ்பார்க் பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்று சிலிண்டரில் ஒன்று எரியவே இல்லை.

"மழையில தெறிக்கிற தண்ணி வேற தம்பி, நேரா அழுத்தத்துல அடிக்கிற தண்ணி வேற" என்றார். வயர் கனெக்டர்களில் இருக்கும் ரப்பர், தெறிப்பைத் தாங்கும். பிரஷர் கன்னை நேராக நீட்டினால் தாங்காது. வண்டி பழசாக ஆக அந்த ரப்பரும் இறுகிப்போகும். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், எல்லாமே அதே இடத்தில்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து நானே செய்கிறேன். முதல் நாள் மாலை ஓட்டிய வண்டியை மறுநாள் காலையில்தான் தொடுவேன். சூடான புகைக்குழாய் கையைச் சுட்டுவிடும். சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்றும். அதனால் சாவி வெளியே இருக்க வேண்டும், தோளில் துண்டு, கையில் மோதிரம், கழுத்தில் தொங்கும் செயின் எதுவும் கூடாது. அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அது கடைசி.

முதல் வேலை ஈரமே இல்லாமல் நடக்க வேண்டும். இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள், அது போகாத இடமில்லை. என் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்பதால் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலையும் பூவும் சேர்ந்துவிடும். அங்கே மழைநீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்க வழியாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பள்ளத்தைக் கட்டாயம் பாருங்கள்.

தூசி போனதும், பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் இரண்டு சொட்டை எடுத்துத் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு விடாத இடத்துக்குத் தண்ணீரில் கரையும் டிகிரீசர் போதும். அதையும் இன்ஜின் மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் தேய்ப்பதுதான் என் வழக்கம். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், ரப்பர் ஓஸ் குழாய்கள் ஊறிக் கெடுவது மறுபக்கம். பளபளப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் எனக்குப் பிடிக்காது. அது பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சமையல் சோடா கரைத்த நீரைத் தொட்டுத் தேயுங்கள். நுரைத்து வரும், அது ஆசிட் முறிவதுதான். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, முனைகளை மாட்டிய பிறகு மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போகாதீர்கள். அவற்றில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

இப்படிக் கையால் துடைப்பதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இடத்தையும் கண் பார்த்துவிடும். இன்ஜினின் டாப் கவர் ஓரத்தில் எண்ணெய் கசிவது, ஓஸ் முனையில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் காய்ந்து படிந்திருப்பது, எல்லாம் துடைக்கும்போதுதான் தெரியும். போன வருடம் பேட்டரிக்குப் பின்னால் பாதி கடித்த தேங்காய்ச் சில்லும் எலிப் புழுக்கையும் கிடந்தன. புழுக்கையைக் கண்டால் பிரஷ்ஷால் தட்டியோ ஊதியோ விடாதீர்கள், தூசியோடு மூக்குக்குள் போகும். கையுறை, மாஸ்க் போட்டு, கிருமிநாசினி கலந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். கூடவே வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். என் வண்டியில் ஒரு வயரின் உறை கடிபட்டு உள்ளே செம்பு தெரிந்தது. வண்டியை எடுக்காமல் அன்றே எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் எடுத்துப்போன துணிகளை எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட உள்ளே கிடக்கக் கூடாது. அரை மணி நேரம் பானட்டைத் திறந்தே வைத்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.